காட்டெருமைத் தலை யாருக்குச் சொந்தம்?

ஏற்காட்டில் எட்டு ஏக்கர் காபித் தோட்டமும் சேலத்தில் ஒரு சிறிய அரவைக்கூடமும் வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கான பதில் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சிக்கலை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

மாமனார் காலம் வரை காபிக்கொட்டையையும் மிளகையும் மூட்டை மூட்டையாக வியாபாரிகளிடம் போட்டுவந்த குடும்பம் அவருடையது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இவர் துணிந்து, கொட்டையைத் தாமே வறுத்து அரைத்து, மிளகையும் தேனையும் சேர்த்துக்கொண்டு, சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கினார். அக்கா மகனின் கல்லூரி நண்பரும் தனியாக டிசைன் வேலை செய்துவருபவருமான ஓர் இளைஞர் 12,000 ரூபாய்க்கு லோகோ வரைந்து கொடுத்தார். ஒரு காட்டெருமையின் தலை, அதன் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு காபிப் பழம், கீழே பெரிய எழுத்தில் ‘சேர்வராயன்’, அதற்கும் கீழே கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில் தோட்டத்தின் பழைய பெயர். இதுதான் சின்னம். பேச்சு முழுவதும் வாட்ஸாப்பில் நடந்தது. பணம் இரண்டு தவணையாகக் கைபேசி வழியே போனது. கையெழுத்திட்ட தாள் என்று எதுவும் இல்லை.

இப்போது சென்னையில் சில கிளைகள் வைத்திருக்கும் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் சரக்கு எடுக்க இசைந்து, சின்னம் பதிவாகியிருக்கிறதா என்று கேட்கிறார். பவுச் அச்சடிப்பவரோ அச்சு உருளையான சிலிண்டரைச் செய்ய ‘ஓப்பன் ஃபைல்’ வேண்டும் என்கிறார். வாசகியிடம் இருப்பது ஒரு ஜே.பி.ஜி. படம் மட்டுமே. இளைஞரிடம் கேட்டதற்கு, “ஃபைலும் ரைட்ஸும் சேர்த்து அறுபதாயிரம் ஆகும் அக்கா” என்று பதில் வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையதுதான், வேறோர் ஆளை வைத்து அப்படியே வரைந்துகொள்ளலாம் என்பது கணவரின் கட்சி. முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் காப்புரிமைச் சிக்கல் வராது என்பது பக்கத்துத் தோட்டக்காரரின் யோசனை. இதற்கிடையில் அக்கா மகன் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, படங்களை விற்கும் தளம் ஒன்றில் ஏறக்குறைய இதே காட்டெருமைத் தலை கண்ணில் பட்டிருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவும் சிறு நிறுவனங்களுக்கான உத்யம் சான்றும் இருப்பதால், வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்திடும் பதிவுக்குறியை ஆரம்பத்திலிருந்தே பாக்கெட்டில் அச்சிட்டு வருவதாகவும் வாசகி இடையில் ஒரு வரியில் சொல்லிச் செல்கிறார். சின்னம் யாருடையது, 60,000 ரூபாய் கொடுக்கலாமா, கொடுக்காமலே பதிவு செய்ய முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். இது சொற்பிழை மட்டுமாக இருந்தால் விட்டிருப்பேன். உங்கள் கடிதத்தில் ‘காப்புரிமை’ என்று நீங்கள் எழுதியிருப்பது மூன்று வெவ்வேறு பொருள்களில் வருகிறது. காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புக்கு உரியது. உங்கள் விவகாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வரைந்த படத்தின் மீதான உரிமை பதிப்புரிமை. அது வரைந்தவரிடமிருந்து தொடங்குகிறது. அந்தப் படமும் பெயரும் சந்தையில் உங்கள் சரக்கை அடையாளம் காட்டுவதால் பிறக்கும் உரிமை வணிகச் சின்ன உரிமை. அது விற்பவரிடமிருந்து தொடங்குகிறது. ஒரே லோகோவின் மீது இந்த இரண்டு உரிமைகளும் இரண்டு வெவ்வேறு ஆட்களிடம் இருக்க முடியும் என்பதும், இன்றைய நிலையில் உங்கள் லோகோ அப்படித்தான் இருக்கிறது என்பதும்தான் உங்கள் தலைவலிக்கு அடிப்படை.

பணம் கொடுத்தவருக்கு உரிமை வந்துவிடுகிறதா?

வருவதில்லை. உங்கள் கணவர் சொல்வது நியாயமாகத் தோன்றினாலும் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதன் 17-ஆம் பிரிவின்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவரே. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் பகுதியாக வரைந்திருந்தால் உரிமை உங்களுடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் ஆகியவற்றிலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்கே உரிமை. லோகோவையும் ‘ஓவியம்’ என்ற சொல்லுக்குள் அடக்கி வாதாடலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாதாடலாம். ஆனால் ‘கலைப்படைப்பு’ என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் அதே சட்டம் ஓவியத்தையும் வரைபடத்தையும் தனித்தனியே சொல்லியிருக்கும்போது, அந்த வாதத்தை நம்பிச் சிலிண்டருக்குப் பணம் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

உரிமை கைமாற வேண்டுமானால் 19-ஆம் பிரிவு கேட்பது எழுத்தும் கையெழுத்தும். உரிமையை மாற்றித் தருபவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு, என்ன தொகைக்கு என்பவை அதில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐந்தாண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையில் ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்ட பகுதி, பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, திரும்பிப் போய்விடும். இணையத்தில் கிடைக்கும் அரைப்பக்க மாதிரிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஆறாவது ஆண்டில் விழித்துக்கொள்வது இதனால்தான்.

அதற்காக நீங்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸாப் உரையாடலில், இரண்டாவது தவணை போன அன்று, “இனி இது உங்க லோகோ அக்கா, எங்க வேணும்னாலும் போட்டுக்கோங்க” என்று அவர் எழுதியிருக்கிறார். உரிமையை மாற்றிக் கொடுத்ததற்கு இது போதாது. ஆனால் பயன்படுத்த அனுமதி கொடுத்ததற்கு இது நல்ல சான்று. பாக்கெட்டில் போடத்தான் வரைந்தார், அதற்குத்தான் பணம் வாங்கினார்; நாளைக்கே விற்பனையை நிறுத்தச் சொல்லி அவர் நீதிமன்றம் போனால் இந்த ஒரு வரியே அவருக்கு எதிராக நிற்கும். அந்த உரையாடலை அழிக்காமல், கைபேசி மாற்றும்போது தொலைத்துவிடாமல், ஏற்றுமதி செய்து வேறு இடத்திலும் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்புநோக்க ஒரு நல்ல உதாரணம் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 2010 ஜூலையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம். அதற்கான போட்டியில் வெற்றிபெறுபவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பரிசு என்றும், வடிவத்தின் உரிமையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் முன்கூட்டியே நிபந்தனை வைத்திருந்தார்கள். நாட்டின் அரசாங்கமே பரிசு கொடுத்தால் மட்டும் போதும் என்று இருந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஃபைலும் உரிமையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஜே.பி.ஜி. என்பது புள்ளிகளால் ஆன படம். பெரிதாக்கினால் ஓரம் சிதறும். சிலிண்டரில் செதுக்குவதற்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசகாத வெக்டர் கோப்பு தேவைப்படுகிறது, ஏ.ஐ., இ.பி.எஸ்., எஸ்.வி.ஜி. என்ற பெயர்களில் வருவது அதுதான். அந்தக் கோப்பு கைக்கு வந்தாலும், கையெழுத்திட்ட பத்திரம் வராவிட்டால் உரிமை வந்ததாகாது. பத்திரம் வந்து கோப்பு வராவிட்டால் அச்சு நடக்காது. இளைஞர் இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டிருக்கிறார். இதில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். என் அனுபவத்தில், அப்படிக் கேட்டவுடனேயே தொகை இறங்கத் தொடங்கும். அவரை ஏமாற்றுக்காரர் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. முதல் நாளே சொல்லாதது அவருடைய தவறு. முதல் நாளே கேட்காதது உங்களுடையது.

முப்பது சதவீதக் கணக்கு

இது எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கு விளங்கியதே இல்லை. சிலர் இருபது என்பார்கள், சிலர் ஐம்பது என்பார்கள். இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பிக்கலாம் என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் கிடையாது. 1978-இல் ஒரு நாடகத்துக்கும் ஒரு திரைப்படத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல், இரண்டையும் பார்க்கும் சாதாரண மனிதருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயமின்றி எழுகிறதா என்பதே. கொம்பை இரண்டு மில்லிமீட்டர் நீட்டி, பழத்தின் நிறத்தை மாற்றியதால் அந்த எண்ணம் போய்விடாது. படத்தைச் சிதைத்ததாகச் சொல்லி இளைஞர் எழுப்பக்கூடிய இன்னொரு குறைக்கும் அது வழிவகுக்கும். 57-ஆம் பிரிவின்படி, உரிமையை விற்ற பின்னும்கூட அந்தக் குறையைச் சொல்லப் படைப்பாளிக்கு இடமுண்டு. கணவர் சொல்லும் ‘அப்படியே வரைந்துகொள்ளும்’ வழியும் நகலெடுப்பதுதான்.

ஆனால் இதே தீர்ப்பின் மறுபக்கம் உங்களுக்கு உதவக்கூடியது. கருத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கருத்து வெளிப்பட்ட வடிவத்துக்கே பாதுகாப்பு. காட்டெருமையையும் காபிப் பழத்தையும் சேர்த்து ஒரு சின்னம் என்பது கருத்து. கொண்டை ஊசி வளைவில் இரவில் அந்த மிருகத்துக்கு வழிவிட்டு வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்த யாருக்கும் அது தோன்றக்கூடியதே. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், புதிதாக வேறொரு காட்டெருமையை வேறொரு நிலையில் வரையச் சொல்வதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அறுபதாயிரத்துக்கு முன் கேட்க வேண்டியது

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் சொன்ன செய்திதான், என் பார்வையில், எல்லாவற்றையும்விட முக்கியமானது: இணையத்தில் கண்ட அந்த இன்னொரு தலை. காட்டெருமையின் நெற்றிமேடும் வளைந்த கொம்பும் யார் வரைந்தாலும் ஓரளவு ஒன்றுபோலத்தான் அமையும். ஆகவே இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இளைஞர் அந்தப் படத்தை அங்கிருந்து எடுத்துப் பழத்தை மட்டும் சேர்த்திருந்தால், தன்னிடம் இல்லாத உரிமையை அவர் 60,000 ரூபாய்க்கு விற்கிறார் என்று ஆகிவிடும். இல்லாததை யாரும் கொடுக்க முடியாது. அவர் எத்தனை பத்திரத்தில் கையெழுத்திட்டாலும் அந்தத் தலையின் உரிமை உங்களுக்கு வராது. பட வங்கிகளில் முறையாகப் பணம் கட்டி எடுத்திருந்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. அவற்றின் சாதாரண உரிமங்கள் பலவும் படத்தை வணிகச் சின்னமாக்க இடம் தருவதில்லை, அதே படத்தை இன்னொருவருக்கு விற்பதையும் தடுப்பதில்லை. ஆயத்த வார்ப்புகளைத் தரும் செயலிகளில் உருவாக்கும் லோகோக்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்.

எனவே பேரம் பேசுவதற்கு முன், குற்றஞ்சாட்டும் தொனியில்லாமல் இரண்டு செய்திகளைக் கேளுங்கள். முதலாவது, கையால் வரைந்த ஆரம்பக் கீற்றுகளும் இடைநிலை வடிவங்களும் இருக்கின்றனவா? சொந்தமாக வரைந்தவரிடம் அவை ஏதாவது ஒரு நோட்டிலோ கணினியிலோ கட்டாயம் கிடக்கும். இரண்டாவது, ‘சேர்வராயன்’ என்ற எழுத்துகளை அவரே வரைந்தாரா, ஏதாவது எழுத்துருவில் தட்டச்சு செய்தாரா? எழுத்துருவென்றால் எது, அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருகிறதா? கட்டண எழுத்துருவின் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தியிருந்தால் அந்தச் சுமை பாக்கெட்டோடு உங்கள் வாசலுக்குத்தான் வரும். கேட்டமரான், முக்த மலர், பாலூ தம்பி போன்று திறந்த உரிமத்தில் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கும்போது அந்தச் சுமை தேவையே இல்லை.

பெயர்தான் பெரிய பலவீனம்

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். படத்தின் உரிமை முழுவதும் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘சேர்வராயன்’ என்ற சொல் உங்களுடையதாகாது.

1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சரக்கின் தன்மையையோ அது விளைந்த இடத்தையோ மட்டும் குறிக்கும் சொற்களுக்குப் பதிவு மறுக்கிறது. நீண்ட பயன்பாட்டால் அந்தச் சொல் உங்களையே குறிக்கும் அளவுக்கு மக்கள் மனதில் பதிந்துவிட்டது என்று விண்ணப்பத்துக்கு முன்பே நிலைநாட்டினால்தான் விலக்கு. சேர்வராயன் மலையில் விளைந்த காபிக்குச் சேர்வராயன் என்று பெயர் வைப்பது, சேலத்து மாம்பழக் கூடையில் சேலம் என்று எழுதிவைப்பதைப் போன்றது. இந்தியக் காபி வாரியம் நாட்டின் காபிப் பகுதிகளுக்கு வைத்திருக்கும் முத்திரைகளில் சேர்வராயன் மலைக்கும் ஒன்று உண்டு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீடு எந்தத் தனி ஆலைக்கும் சொந்தமாகாததைப் போலவே, மலையின் பெயரும் அங்கே காபி பயிரிடும் எல்லோருக்கும் பொதுவானது.

அதோடு, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சேர்வராயன் என்பது மலை மட்டுமல்ல, சாமியும்கூட. மலை உச்சியில் குகைக்குள் காவேரியம்மனோடு இருக்கும் தெய்வத்தின் பெயர் அது. சமய உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னத்தைப் பதிவு செய்யக் கூடாது என்ற விதி, தெய்வப் பெயர்கள் எல்லாவற்றையும் தடுத்துவிடுவதில்லை. ஆனாலும் ‘ராமாயணம்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்டவருக்கு உச்ச நீதிமன்றம் 2015-இல் மறுத்திருக்கிறது. மலை, சாமி என இரண்டு பக்கமும் பொதுவான ஒரு சொல்லைத்தான் உங்கள் பாக்கெட்டில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள்.

லோகோவை முழுமையாகப் பதிவு செய்துவிட்டால் பெயரும் சேர்ந்து வந்துவிடாதா என்று பலரும் கேட்பார்கள். வராது. வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பல உறுப்புகள் சேர்ந்த சின்னத்தைப் பதிவு செய்தால் உரிமை அந்த முழுமைக்கே. அதிலுள்ள பொதுச் சொல்லைப் பிய்த்தெடுத்துத் தனியுரிமை கொண்டாட முடியாது. பதிவுச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய பிறகும், அடுத்த தோட்டக்காரர் ‘சேர்வராயன் காபி’ என்று எழுதினால், படமும் அமைப்பும் உங்களுடையதைப் போல் இல்லாதவரை உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய இயலாது.

இப்போது அந்தச் சிறிய எழுத்துக்கு வருகிறேன். தோட்டத்தின் பழைய பெயர், உங்கள் கணவரின் பாட்டியை வீட்டில் அழைத்த செல்லப்பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கும் புரியாது என்பதால் அதைச் சிறிதாகப் போடச் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். புரியாததுதான் அதன் பலம். காபியின் தன்மையையும் சொல்லாமல், ஊரையும் சொல்லாமல், வேறு எந்தக் கடையையும் நினைவூட்டாமல் இருக்கும் அந்தச் சொல்லைத்தான் சட்டம் ஆசையோடு பாதுகாக்கும். திருநெல்வேலியின் ‘இருட்டுக்கடை’ என்ற பெயர் அல்வாவின் ருசியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்து இன்னொருவர் விற்றது தொடர்பான வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் முன்பிருந்தே பயன்படுத்திவந்தவரின் பக்கம்தான் நின்றது. முற்பயன்பாட்டின் உரிமை பதிவின் உரிமையைவிட மேலானது என்றும் சொன்னது. உங்கள் தோட்டத்துப் பெயரும் இரண்டரை ஆண்டுகளாக, சிறிய எழுத்திலானாலும், ஒவ்வொரு பாக்கெட்டிலும் இருந்து வந்திருக்கிறது. அந்தப் பாக்கெட்டுகளின் மாதிரியையும் முதல் நாளிலிருந்து போட்ட பில்களையும் எடுத்து வையுங்கள்.

எந்த வழியில் போவது?

மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் லோகோவை அப்படியே பதிவுக்கு அனுப்புவது ஒன்று. சந்தையில் பயன்படுத்திவருபவர் என்ற முறையில் விண்ணப்பிக்க உங்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் பதிவகம் வெளியிடும் வணிகச் சின்ன இதழில் விளம்பரமான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிப்புரிமைச் சட்டப்படி தடுக்கத்தக்க சின்னத்தைப் பதிவு செய்யக் கூடாது என்று வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்வதால், இளைஞர் எதிர்த்தால் அவருக்கு ஒரு பிடி இருக்கும். சென்னைக் கடைக்காரர் காத்திருக்கும் நேரத்தில் இந்த ஆட்டம் வேண்டாம். இரண்டாவது, 60,000 கொடுத்து வாங்குவது. தலை அவருடைய சொந்தக் கைவேலை என்று உறுதியானாலும், பொதுச் சொல் பெரிதாக நிற்கும் ஒரு சின்னத்துக்கு அந்த விலை அதிகம்.

நான் சொல்வது மூன்றாவது வழி: தோட்டத்தின் பழைய பெயரைப் பெரிதாக வைத்து, ‘சேர்வராயன் மலைக் காபி’ என்பதை விளைந்த இடத்தைச் சொல்லும் சிறிய வரியாக்கி, காட்டெருமையைப் புதிதாக வரையுங்கள். அந்த வேலையை முதலில் அதே இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள். புதிய வேலைக்கு ஒரு நியாயமான தொகை பேசி, ஒரே பத்திரத்தில் பழைய லோகோ, புதிய லோகோ இரண்டின் உரிமையையும் அவர் மாற்றித் தரும்படி செய்தால், அவருக்கும் வருமானம், உங்களுக்கும் பழைய பாக்கெட்டுகள் தீரும்வரை அச்சமில்லை. அக்கா மகனின் நட்பும் கெடாது. அவர் இசையாவிட்டால் வேறொருவர். பழைய லோகோவை வாட்ஸாப் அனுமதியின் பலத்தில் சரக்கு தீரும்வரை ஓட்டிக்கொள்ளலாம்.

புதிதாகச் செய்யும்போது வரிசை முக்கியம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்துக்கு முன் பெயரைத் தேட வேண்டும். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் காபி, மிளகு, தேன் மூன்றும் அடங்கும் 30-ஆம் சரக்கு வகுப்பில், எழுத்தால் மட்டுமன்றி ஒலியாலும் ஒத்த பெயர்கள் இருக்கின்றனவா என்று கட்டணமில்லாமல் தேடலாம். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் விதங்கள் பல என்பதால் எல்லா விதமாகவும் தேடுங்கள். மிருக உருவங்களுக்கு, படச் சின்னங்களை வகைபிரிக்கும் வியன்னா வகைப்பாட்டில் மூன்றாம் பிரிவு இருக்கிறது. வேறு காபிக்காரர்கள் என்னென்ன தலைகளை வைத்திருக்கிறார்கள் என்று அதில் பார்த்துவிடலாம்.

பிறகு, டிசைனரிடம் வாயால் சொல்லாமல் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்: யார் வாங்குகிறார்கள், எங்கெல்லாம் அச்சாகும், எதெல்லாம் கூடாது என்று. தேசியச் சின்னம், அசோகச் சக்கரம், தேசியக் கொடி ஆகியவற்றின் சாயல் கூடாது என்பதையும் அதில் சேருங்கள். அவற்றின் பயன்பாட்டை 1950-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. முதல் வரைவுகளைக் கறுப்பு வெள்ளையிலேயே கேளுங்கள். கொட்டை மூட்டையில் ஸ்டென்சில் வைத்து மை அடித்தாலும், பத்து கிராம் மிளகுப் பொட்டலத்தில் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சுருக்கினாலும் தலை தலையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். உங்களுடைய இப்போதைய லோகோவில் கொம்புகளுக்கு நடுவே இருக்கும் பழம், சிறிய பொட்டலத்தில் நெற்றிக் காயம்போல் தெரிகிறது. கறுப்பு வெள்ளையில் முடிவு செய்வதில் சட்ட லாபமும் உண்டு: நிறத்தைக் குறிப்பிடாமல் பதிவு செய்த சின்னம் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே கொள்ளப்படும். நிறம், அதற்கான அச்சு எண்கள், கோப்பு வகைகள் எல்லாம் கடைசியில். ஒவ்வொரு கட்டத்தின் வரைவையும் தேதியோடு வாங்கி வையுங்கள். பின்னாளில் யாராவது வம்பு செய்தால் அவையே சாட்சி.

பத்திரத்தில் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்கும் எல்லாவற்றையும் எழுதுங்கள்: பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், எல்லா வகைப் பயன்பாட்டுக்கும், ஓராண்டு விதி பொருந்தாது என்ற வரியோடு. இது தன் சொந்தப் படைப்பு, வெளியிலிருந்து எடுத்தது எதுவும் இல்லை, பிற்பாடு உரிமை கோரி எவரேனும் வந்தால் தானே பொறுப்பு என்ற உறுதிமொழியும் வேண்டும். தன் வேலைகளின் தொகுப்பில் இதைக் காட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுங்கள். உங்களுக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை, அவருக்கு அது சோறு. கடைசித் தவணையைக் கையெழுத்தும் வெக்டர் கோப்பும் வந்த பிறகு கொடுங்கள்.

பதிவைப் பற்றிச் சுருக்கமாக: பெயரைத் தனிச் சொல்லாகவும், லோகோவைப் படமாகவும் இரண்டு விண்ணப்பங்களாகப் போடுவது என் பரிந்துரை, நாளைக்குப் படம் மாறினாலும் பெயர் நிற்கும். இணையவழியில் ஒரு விண்ணப்பத்துக்கு, ஒரு வகுப்புக்குக் கட்டணம் 9,000 ரூபாய் என்றாலும், தனிநபருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் 4,500 ரூபாய்தான். உங்கள் உத்யம் சான்று உண்மையில் பயன்படும் இடம் இது. கிண்டியிலுள்ள சென்னைப் பதிவகத்துக்கு நேரில் போகத் தேவையில்லை. பழைய பெயரின் பயன்பாட்டை முதல் நாளிலிருந்து கோரி, பில்களோடு பிரமாணப் பத்திரம் இணையுங்கள். பதிவகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு விண்ணப்பத்தை இழந்தவர்கள் ஏராளம். பதிவானால் பத்தாண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். சென்னைக் கடைக்காரரிடம் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, அது போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

பதிவுக்குறியை உடனே நிறுத்துங்கள். ஜி.எஸ்.டி. பதிவு வரிக்கு, உத்யம் சான்று நிறுவன வகைக்கு. இரண்டும் வணிகச் சின்னப் பதிவாகாது. பதிவாகாத சின்னத்தைப் பதிவானது என்று காட்டுவது வணிகச் சின்னங்கள் சட்டப்படியே தவறு. யாராவது உங்கள் மீது குறை சொல்ல விரும்பினால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். இருப்பிலுள்ள பாக்கெட்டுகளில் அந்தக் குறியின் மேல் சிறிய ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதற்குப் பதிலாக ‘டி.எம்.’ என்று போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிவு தேவையில்லை.

சிலிண்டர் வேலையை நிறுத்திவைக்கும்படி பவுச் அச்சடிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். இளைஞருக்குக் கோபமாக எதையும் எழுதாதீர்கள். வாட்ஸாப்பில் நீங்கள் எழுதுவதும் சான்றுதான். பேச்சு முறிந்து வழக்கு என்று வந்தால், அதற்கு முன் சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்; பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவானாலும், உங்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருக்கிறது, சமரசப் பேச்சுக்கும் வழி செய்வார்கள். ஆனால் உங்கள் கடிதத்தையும் அவருடைய பதில்களையும் படித்த அளவில், அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. “தம்பி, பழசுக்கும் புதுசுக்கும் சேர்த்து முறையாக எழுதிக்கொள்வோம், வரைந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் வா” என்று கூப்பிட்டுப் பாருங்கள். நோட்டோடு வந்தால் அந்தத் தலை அவருடையதா என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.